கோச் ஏன் மெதுவாக ஓடச் சொல்கிறார்? குடியாத்தம் தம்பிக்கு ஒரு விரிவான பதில்

தம்பி கேட்டது இதுதான். வயது 20, ஊர் குடியாத்தம் பக்கம், 5000 மீட்டரில் டைமிங் 16 நிமிடம் 40 விநாடி. காட்பாடியில் ஒரு கோச்சிடம் பயிற்சி. வாரத்தில் இரண்டு நாள்தான் அவர் வேகமாக ஓட விடுகிறார். மற்ற நாளெல்லாம் ‘பேசிக்கிட்டே ஓடு’ என்கிறார். ஊரில் ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் நண்பர்களோ தினமும் 1600 மீட்டரை முழு மூச்சில் ஓடுகிறார்கள். கோச்சுக்குத் தெரியாமல் தம்பியும் வாரத்தில் மூன்று மாலை அவர்களோடு ஓடுகிறார். நான்கு மாதமாக டைமிங் நகரவில்லை. கொஞ்ச நாளாக முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வேறு. கோச்சை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

கோச்சை மாற்ற வேண்டாம் தம்பி. அந்த மூன்று மாலை ஓட்டத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். நான் 10,000 மீட்டர் ஓடியவன், பல வருடமாக வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கிறவன். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் உங்கள் கோச் என்ன செய்யப் பார்க்கிறார் என்பது தெளிவாகத் தெரிகிறது. அவர் போட்ட கணக்கு உங்கள் மாலை ஓட்டத்தால்தான் தப்பாகிறது. அவருக்கு அது தெரியவும் தெரியாது.

நம்ம பக்கத்தில் ஓட்டம் என்றாலே ராணுவம், போலீஸ் தேர்வுதான் முதலில் ஞாபகம் வரும். கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டையைப் பாருங்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கிற ஊர். அதனால் விடியற்காலையில் ஓடுகிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் 1600 மீட்டருக்காக ஓடுகிறவர்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தேவை ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஓட்டம். அதில் தேறிவிட்டால் வேலை முடிந்தது. உங்களுக்குத் தேவை 16 நிமிட ஓட்டம், அதுவும் வருடா வருடம் ஏறிக்கொண்டே போக வேண்டிய ஓட்டம். இரண்டுக்கும் ஒரே பயிற்சி ஒத்துவராது.

மெதுவாக ஓடுவதால் என்ன கிடைக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிற கேள்வி. 5000 மீட்டரில் நீங்கள் செலவழிக்கிற சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஆக்ஸிஜனை வைத்து உண்டாக்கப்படுவது. அந்த ஆக்ஸிஜனைத் தசைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற நுண்ணிய ரத்தக் குழாய்களும், அங்கே அதை எரித்துச் சக்தியாக்குகிற மைட்டோகாண்ட்ரியாவும் பெருக வேண்டும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளுகிற ரத்தத்தின் அளவு கூட வேண்டும். இதெல்லாம் மணிக்கணக்கான ஓட்டத்தில், மாதக்கணக்கில் வளர்வது. முழு மூச்சில் ஓடினால் உங்களால் வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் தாங்க முடியும்? முப்பது? நாற்பது? மெதுவாக ஓடினால் எண்பது தாங்கும். அந்தக் கூடுதல் நாற்பதில்தான் உங்கள் 16 நிமிடம் இருக்கிறது.

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்று ஒரு கோச் இருந்தார். 800 மீட்டர் ஓடுகிற பையனைக்கூட வாரத்துக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் ஓட வைத்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய பிள்ளைகள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். இன்றைக்கு உலகத்தில் எந்த நாட்டு கோச்சின் அட்டவணையைப் பிரித்துப் பார்த்தாலும் அடியில் அவர் போட்ட அஸ்திவாரம் தெரியும். அதற்காக உங்களை 160 கிலோமீட்டர் ஓடச் சொல்லவில்லை. 20 வயதில், இப்போதைய டைமிங்கில், வலியில்லாத காலில் 80 போதும்.

அந்த 80 எப்படிப் பிரிய வேண்டும் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். உங்கள் கோச்சின் கணக்கும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வாரத்தின் உயிர்நாடி செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு கிரவுண்டில் 1000 மீட்டர் ஐந்து தடவை. இப்போது உங்கள் போட்டி வேகம் கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 20 விநாடி, 400 மீட்டர் ரவுண்டு ஒன்றுக்கு 80 விநாடி. ஐந்தையும் அதே 3:20-ல் ஓட வேண்டும். நடுவில் ஒரு ரவுண்டு, இரண்டரை மூன்று நிமிடத்துக்கு மெதுவான ஜாகிங். முன்னால் 3 கிலோமீட்டர் வார்ம் அப், பின்னால் வார்ம் டவுன், எல்லாம் சேர்ந்து 13 கிலோமீட்டர் ஆகிவிடும். பையன்கள் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. முதல் ஆயிரத்தை 3:10-ல் அடித்துவிட்டு கோச் முகத்தைப் பார்ப்பார்கள். நாலாவது 3:28-க்குப் போகும், ஐந்தாவதில் தோள் காதுக்கு ஏறிவிடும். கோச் கையில் ஸ்டாப் வாட்சோடு நிற்பது முதலாவதைப் பார்க்க இல்லை தம்பி, நாலாவதைப் பார்க்க. ஐந்தாவது முடிந்ததும் ‘சார், இன்னொண்ணு ஓடலாம்’ என்று மனசாரச் சொல்ல முடிந்தால் அன்றைய பயிற்சி சரியாக நடந்தது என்று அர்த்தம். அந்த இன்னொன்றை அவர் ஓட விட மாட்டார். விடக் கூடாது.

போட்டி நெருங்கும்போது இதே செவ்வாய் 400 மீட்டர் பன்னிரண்டாக மாறும். 16 நிமிடத்துக்கு ஒரு ரவுண்டு 76.8 விநாடி. இப்போதைய 80-க்கும் அதற்கும் வித்தியாசம் 3.2 விநாடிதான். பன்னிரண்டரை ரவுண்டில் அது 40 விநாடி. மலைப்பாகத் தெரிகிற 40 விநாடியை இப்படி ரவுண்டு ரவுண்டாகப் பிரித்துப் பாருங்கள், கைக்குள் அடங்கும்.

வெள்ளிக்கிழமை டெம்போ. கிலோமீட்டருக்கு 3:40 ஒட்டி 20 நிமிடம் விடாமல் ஓடுவது, அல்லது 2 கிலோமீட்டர் மூன்று தடவை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. இந்த வேகத்தில் மூன்று நாலு வார்த்தை பேச முடியும், முழு வாக்கியம் வராது. கும்பலாக ஓடினால் இது எப்போதும் போட்டியாக மாறிவிடும். ஒருவன் கால் முன்னே போனால் அடுத்தவன் விட மாட்டான். அப்படி 3:28-க்கு ஏறிவிட்டால் அது டெம்போ இல்லை. உடம்பு லாக்டேட்டை, அதாவது வேகமாக ஓடும்போது தசையில் சேர்கிற பொருளை, உண்டாக்குகிற வேகமும் அதைத் திரும்ப எரிக்கிற வேகமும் சமமாக நிற்கிற அந்த விளிம்பில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்களோ அவ்வளவு லாபம். விளிம்பைத் தாண்டிவிட்டால் சோர்வுதான் மிச்சம்.

லாக்டேட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மறுநாள் கால் வலித்தால் ‘லாக்டிக் ஆசிட் ஏறிடுச்சு’ என்று நம்ம பையன்கள் எல்லோரும் சொல்கிறார்கள், சில பிடி மாஸ்டர்களும் சொல்கிறார்கள். அது சரியில்லை. ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அதை இதயமும் தசையும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. மறுநாள் வலி தசை நாரில் விழுகிற நுண்ணிய காயத்தால் வருவது. அது ஆறுவதற்கு நேரம் வேண்டும், ஆறும்போதுதான் தசை பலமாகிறது. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் நடுவே இரண்டு முழு நாளை கோச் ஏன் விட்டுவைத்திருக்கிறார் என்று இப்போது புரிகிறதா? அப்படி ஆற விட்ட நாட்களில்தான் நீங்கள் மாலை ஓட்டத்துக்குப் போகிறீர்கள்.

ஞாயிறு லாங் ரன், 18 கிலோமீட்டர். குடியாத்தத்திலிருந்து மோர்தானா அணைப் பக்கம் போகிற சாலையில், வண்டி நடமாட்டம் தொடங்கும் முன் ஓடி முடிக்கப் பாருங்கள். சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் மட்டும் வேண்டாம். எதிர்த்திசையில் பைக் வருகிற இடம் அது, இருட்டில் உங்களை யாருக்கும் தெரியாது. வேகம் கிலோமீட்டருக்கு 5 நிமிடத்தை ஒட்டி. கடைசி 3 கிலோமீட்டரில் கால் கேட்டால் 4:30-க்கு வரலாம்.

மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திங்கள் 8, புதன் 12, வியாழன் 10 கிலோமீட்டர், எல்லாம் ஈஸி ரன், ஐந்து நிமிட வேகம் அல்லது அதைவிட மெது. சனிக்கிழமை 6, உடம்பு அசதியாக இருந்தால் அதுவும் வேண்டாம். திங்கள், வியாழன் ஓட்டம் முடிந்ததும் 100 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ், அதாவது மெல்ல வேகமெடுத்து ஓடுகிற சின்ன ஓட்டம், ஆறு தடவை, அவசரமில்லாமல், அழகாக. வியாழன் ஸ்ட்ரைட்ஸுக்குப் பதிலாக ஒரு மேட்டுச் சாலையில் 10 விநாடி ஏற்றம் எட்டு தடவை ஓடினால் இன்னும் நல்லது. குன்றுக்கு நம்ம மாவட்டத்தில் பஞ்சமில்லை. வெள்ளியும் வார்ம் அப், வார்ம் டவுனோடு 13 என்று வைத்து மொத்தம் கூட்டிப் பாருங்கள், 80 வரும். அதில் உண்மையிலேயே வேகமாக ஓடியது செவ்வாய் 5, வெள்ளி ஏறக்குறைய 6, ஆக 11 கிலோமீட்டர்தான்.

மலை என்றதும் பையன்கள் ஏலகிரி ஏறிப் பயிற்சி செய்யலாமா என்று கேட்பார்கள். பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு, மாதத்துக்கு ஒரு முறை லாங் ரன்னுக்குப் பதிலாக ஏறலாம், நல்ல பயிற்சி. ஆனால் அதை உயர்மலைப் பயிற்சி என்று நினைக்க வேண்டாம். மேலே போனாலும் சுமார் 1,100 மீட்டர்தான். ரத்தத்தில் சிவப்பணுவைக் கூட்டுகிற உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேல்தான் தொடங்குகிறது, அதற்கு ஊட்டிக்குப் போக வேண்டும், அங்கே வாரக்கணக்கில் தங்கவும் வேண்டும். ஏலகிரியில் ஏறி முடித்தால் இறங்கும்போது பஸ்ஸில் வாருங்கள். தார் ரோட்டில் அந்த இறக்கத்தை ஓடி இறங்கினால் கணைக்கால் எலும்புக்கு, அதாவது உங்களுக்கு இப்போது வலிக்கிற அதே எலும்புக்கு, ஏற்றத்தைவிடப் பல மடங்கு அடி விழும்.

உங்கள் கோச் சொல்வதில் ஒரே ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் வித்தியாசப்படுவேன். வருடம் முழுக்க ஒரே டைமிங் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலூரில் அது நடக்காது. மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும், விடியற்காலை ஐந்து மணிக்கே உடம்பில் வேர்வை ஓடும். வெப்பத்தில் ரத்தத்தின் ஒரு பங்கைத் தோலுக்கு அனுப்பி உடம்பு தன்னைக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது, அந்த அளவு தசைக்குக் குறையும். ஜனவரியில் 3:20 ஓடிய அதே முயற்சி மே மாதத்தில் 3:27 காட்டலாம். பையன் சோம்பேறியாகிவிட்டான் என்று அதற்கு அர்த்தமில்லை. அக்னி நட்சத்திரம் முடிகிற வரை வாட்ச்சைப் பார்க்காமல் மூச்சைப் பார்த்து ஓடவிடச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். கோடை தொடங்கி முதல் பத்து பதினான்கு நாள் மெதுவாக ஓடினால் உடம்பு பழகிக்கொள்ளும், ரத்தத்தில் நீர்ப் பங்கு கூடும், வேர்வை முன்கூட்டியே வரத் தொடங்கும். வைகாசி முதல் நாள் உங்கள் ஊரில் கங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தூங்காமல் இருக்கிற நேரத்தில் நீங்கள் மட்டும் ஒன்பது மணிக்குப் படுக்கப் போவதில்லை. அந்த வாரத்தை ஓய்வு வாரமாக முன்கூட்டியே கோச்சிடம் சொல்லி வைத்துக்கொண்டால் இருவருக்கும் நிம்மதி.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சுலபமான சோதனை. ஓடும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கிறது. அதைச் சிறிது சிறிதாக உப்புப் போட்ட மோராகவோ நீராகாரமாகவோ திருப்பிக் கொடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும்.

சாப்பாட்டில் நான் கவலைப்படுவது புரோட்டீனைவிட இரும்புச்சத்தைப் பற்றி. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு வேர்வையிலும், பாதம் தரையில் அடிபடும்போது உடைகிற சிவப்பணுக்களிலும் இரும்பு போய்க்கொண்டே இருக்கும். டைமிங் நான்கு மாதம் நகராமல் நின்றால் ஒரு முறை ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும், அதாவது உடம்பில் சேமிப்பாக இருக்கிற இரும்பின் அளவைக் காட்டுவதையும், பார்த்துவிடுவது நல்லது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைமட்டத்தில் இருந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், பெண் பிள்ளைகளில் அதிகம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. கேழ்வரகுக் களியை விட்டுவிடாதீர்கள், அரிசியைவிடப் பல மடங்கு கால்சியம் அதில் இருக்கிறது, உங்கள் எலும்புக்கு இப்போது அது வேண்டும். ஜிம்மில் யாராவது டப்பா பவுடர் கொடுத்தால் வாங்காதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கொடுக்கிறவனுக்கே தெரியாது, ஊக்கமருந்து சோதனையில் மாட்டினால் தெரியாமல் சாப்பிட்டேன் என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது.

தூக்கம். அதிகாலைப் பயிற்சிக்கு காட்பாடி வர நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. மூன்றரைக்கு எழுகிறவர் இரவு எட்டரைக்குப் படுத்தால்தான் ஏழு மணி நேரம் கிடைக்கும். மாலையில் நண்பர்களோடு முழு மூச்சில் ஓடிவிட்டு வந்தால் எட்டரைக்குத் தூக்கம் வருமா? முடியாவிட்டால் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பயிற்சியை மாலைக்கு மாற்ற முடியுமா என்று கோச்சிடம் கேளுங்கள். மற்ற நாள் ஊரிலேயே ஓடிக்கொள்ளலாம்.

வேகத்தை வெறும் வேகமாகப் பார்க்காதீர்கள் என்பதற்கு நம்ம புதுக்கோட்டை லட்சுமணனைச் சொல்ல வேண்டும். 2017-ல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம். 5000-ஐ அவர் முடித்தது 14 நிமிடம் 54 விநாடியில். அவருடைய சிறந்த டைமிங் அதைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் வேகமானது. பெரிய போட்டியில் கூட்டம் பதுங்கிப் பதுங்கி ஓடும், கடைசியில் யார் காலில் வேகம் மிச்சம் இருக்கிறதோ அவருக்குத்தான் பதக்கம். ஸ்ட்ரைட்ஸை நான் வலியுறுத்துவது அதற்காக. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அதே லட்சுமணன் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்தும், பாதையை விட்டு உள்ளே கால் வைத்தார் என்று வெண்கலத்தைப் பறித்தார்கள். இருபத்தைந்து ரவுண்டு உழைப்பு, ஒரு காலடியில் போயிற்று. அன்றிலிருந்து வளைவில் முந்துகிற பயிற்சியை என் பிள்ளைகளுக்குத் தனியாகக் கொடுக்கிறேன். களைத்த நிலையில், உள்கோட்டை ஒட்டி, நாலு பேர் இடித்துக்கொண்டு ஓடும்போது கால் எங்கே விழுகிறது என்று தெரிய வேண்டும். உங்கள் கோச்சிடமும் கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த மாலை ஓட்டம். எனக்கு 21 வயதில் இதே கதை. கோச் கொடுத்தது போதாது என்று இரவில் தனியாக ஓடினேன், சொல்லவில்லை. டைமிங் இறங்கவில்லை. கோச் என்ன செய்தார்? பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டினார். அவர் கையில் இருந்த கணக்கு அப்படித்தான் சொன்னது. ஆறு வாரத்தில் கணைக்கால் எலும்பில் விரிசல். மூன்று மாதம் ஓடவில்லை, அந்த வருட ஸ்டேட் மீட் போயிற்று. படுத்திருந்தபோது கோச் வீட்டுக்கு வந்து கேட்டார், ‘ஏம்ப்பா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?’ அந்தக் கேள்வியைத் தாங்கிக்கொள்வது வலியைவிடக் கஷ்டமாக இருந்தது. கோச் என்பவர் உங்கள் காலை உங்கள் வாய் வழியாகத்தான் பார்க்கிறார் தம்பி. எப்படித் தூங்கினீர்கள், எங்கே வலிக்கிறது, காலையில் எழுந்ததும் நாடி எவ்வளவு என்பதெல்லாம் நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

இன்று இரவு ஒரு வேலை செய்யுங்கள். வலிக்கிற எலும்பின் மேல் விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் எலும்பை ஒட்டிய சவ்வு வீங்கியிருக்கலாம், ஓட்டத்தைக் குறைத்தால் ஆறும். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், அல்லது அந்த ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், வரும் செவ்வாய் ஓடக் கூடாது. எலும்பு டாக்டரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் முதல் இரண்டு மூன்று வாரம் விரிசல் தெரியாமல் போகலாம், அதனால் எக்ஸ்ரே சரியாக இருந்தும் வலி போகவில்லை என்றால் எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று கேளுங்கள்.

எது எப்படியானாலும் செவ்வாய்க்கிழமை கிரவுண்டுக்குப் போங்கள், ஓடாவிட்டாலும். டைரியில் கடந்த நான்கு மாதத்து மாலை ஓட்டங்களை ஞாபகம் இருக்கிற வரை தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். வார்ம் அப் தொடங்கும் முன்னால், மற்ற பையன்கள் வருவதற்குள், அதை கோச் கையில் கொடுங்கள். திட்டுவார். அதற்குப் பிறகு உட்கார வைத்து அடுத்த ஆறு வாரத்துக்குப் புதிதாக எழுதிக் கொடுப்பார்.